எங்கள் ஓசை வேண்டும், எங்கள் முகம் வேண்டாமா?

குறும்படம் முடிந்தபின் ஓடும் பெயர்ப் பட்டியலை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. நாங்கள் படித்தோம். லயத்துப் பிள்ளைகள் ஒரே ஒரு போனைச் சுற்றி நின்று, நிறுத்தி நிறுத்திப் படித்தார்கள். சாப்பாடு போட்டவர் பெயர் இருந்தது. ஜீப் ஓட்டியவர் பெயர் இருந்தது. டிரம் வாசித்தவர்கள் பெயர் இல்லை. கடைசியில் "எஸ்டேட் மக்களுக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது. வாசிப்பதற்குள் மேலே ஏறிப் போய்விட்டது. "மாமா, நம்ம பேரு எங்க?" என்று அக்கா மகன் கேட்டான். அவனுக்கு நான் என்ன சொல்ல?

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பட்டாள பேண்ட் ஒன்றைப் பற்றிய கதை அது. பர்மாவுக்குப் போகிற ஒரு படைப்பிரிவு. அதில் வாத்தியக்காரர்கள். சண்டை முற்றும்போது வாத்தியத்தை இறக்கி வைத்துவிட்டு, அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கப் போகிறார்கள். உண்மையிலேயே பட்டாளத்தில் அப்படித்தான். சமாதான காலத்தில் வாசிப்பவன், சண்டைக் காலத்தில் காயம்பட்டவனைச் சுமப்பான். நல்ல கதை. அதனால்தான் வயிறு கூடுதலாக எரிகிறது.

நான் சைடு டிரம் வாசிக்கிறவன். தேவிகுளம் தாலுகாவில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பெண் எடுத்தது பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில். மாதா சப்பரம், மாரியம்மன் கொடை, கல்யாணம், கருமாதி, கட்சி ஊர்வலம் என்று இரண்டு மாவட்டத்து எல்லையிலும் எங்கள் பேண்ட் செட் போகாத ஊர் குறைவு. அப்பா தப்பு அடித்தவர். தோலை நெருப்பில் காய்ச்சி, காதருகே பிடித்துத் தட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு சூடு" என்பார். வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சிம்புக்குச்சி. அந்தக் கைப்பழக்கம்தான் என்னிடம் சைடு டிரம்மாக வந்து நிற்கிறது. நோட்டு பார்த்து வாசிக்கவும் எங்கள் பையன்களுக்குத் தெரியும், சர்ச்சில் கற்றுக்கொண்டார்கள்.

படக்காரர்கள் எங்களைத் தேடித்தான் வந்தார்கள். ஒரிஜினல் பேண்ட் வேண்டும், எஸ்டேட்டில் உங்கள் செட்தான் பேர்போனது என்றார்கள். டிரம், டிரம்பெட், கிளாரினெட் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு போனோம். போய்ப் பார்த்தால், காக்கி உடுப்பும் தொப்பியும் வேறு பையன்களுக்குத் தைத்து வைத்திருந்தார்கள். கொச்சியிலிருந்து வந்தவர்கள், நிறம், உயரம், ஜிம்முக்குப் போன உடம்பு. அவர்களுக்குக் குச்சி பிடிக்கத் தெரியவில்லை. எங்களைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். பிறகு எங்களைத் தனியே உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்தார்கள். அதுவும் செய்தோம். அதன்பிறகு எங்கள் கையில் கொடுத்தது சாக்கு மூட்டையும் மண்வெட்டியும். பட்டாளம் அணிவகுத்துப் போகும்போது ஓரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஏன் என்று கேட்டதற்கு உதவி இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம், "யூனிஃபார்ம் போட்டாலும் இவர்கள் பட்டாளக்காரர்களாகத் தெரிய மாட்டார்கள்" என்றார். மலையாளத்தில் சொன்னார், எங்களுக்குப் புரியாது என்று எண்ணி. ஐயா, நாங்கள் மூன்று தலைமுறையாகக் கேரளத்து மண்ணில் கிடக்கிறோம். உங்கள் மலையாளம் எங்களுக்குப் புரியும். எங்கள் தமிழ்தான் உங்களுக்குப் புரியவில்லை.

தமிழ்ப் பாத்திரமே இல்லை என்று பழி போட மாட்டேன். ஒன்று உண்டு: சமையற்காரன். தப்புத் தப்பாக மலையாளம் பேசுவான், மேஜர் திட்டுவார், எல்லாரும் சிரிப்பார்கள். அதை நடித்தவரும் தமிழர் அல்லர். அவர் பேசிய தமிழைக் கேட்டு எங்கள் லயத்துப் பாட்டிகள்தான் உண்மையில் சிரித்தார்கள்.

சம்பளம் கொடுத்தார்கள். அதில் குறை சொல்லவில்லை. ஆனால் "பட்டாளக்காரர்களாகத் தெரிய மாட்டார்கள்" என்ற பேச்சை என்னால் விழுங்க முடியவில்லை. பட்டாளம் என்றால் யார், பட்டாள பேண்ட் என்றால் யார் என்று கொஞ்சம் பேசிவிடுவோமா?

கிழக்கிந்தியக் கம்பெனி 1795இல் ஓர் ஆணை போட்டது. தாய், தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாத கலப்பினத்தார் கம்பெனியின் படையில் சேர முடியாது. ஆனால் விதிவிலக்கு உண்டு: பேண்ட் வாசிக்கலாம், டிரம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம். துப்பாக்கி தொடத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவன் கையில்தான் டிரம் கொடுத்தார்கள். பேண்ட் என்பது ஒதுக்கப்பட்டவனின் இடமாகத்தான் அன்றைக்கு இருந்தது. தோல் வாத்தியம் தொடுகிறவன் தீட்டு என்ற ஊரில் இது யாருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்காது. இன்று படம் எடுக்கும்போது மட்டும் அந்த பேண்டில் அழகான முகங்களாக வந்து நிற்கின்றன.

முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்ட் இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளில் சம்ஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார் என்பார்கள். நோட்டு ஸ்வரம் என்ற பெயரில் நாற்பதுக்கு அருகில் இருக்கின்றன. இன்றும் பாட்டு கற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். கேட்டு எழுதியவர் பெயர் இருநூறு ஆண்டுகளாக வாழ்கிறது, நன்றாக வாழட்டும். அன்று கோட்டையில் நின்று ஊதியவன் யார், அடித்தவன் யார்? ஒருவன் பெயரையும் யாரும் குறித்து வைக்கவில்லை.

பட்டாளத்துக்கு வருவோம். சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். சப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலும் பயனியர் படையிலும் இன்னும் அதிகம். பாலம் கட்டுவது, அகழி வெட்டுவது, பாதை போடுவது, குண்டு விழும்போதே மண் அள்ளுவது. அப்புறம் ராபர்ட்ஸ் என்ற தளபதி வந்தார். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவர். வீர இனம், வீரமில்லா இனம் என்று மனிதனைத் தரம் பிரித்த கூட்டத்துக்கு அவர்தான் முன்னோடி. உயரமும் சிவப்பும் உள்ள வடக்கத்தியவன் வீரன், தெற்கத்தியக் கறுப்பன் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார்கள். 1920களின் முடிவுக்குள் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் கலைந்தே போயின. பிறகு ஹிட்லரும் டோஜோவும் வந்து நெருக்கியதும் ஆள் பற்றவில்லை. வீர இனக் கணக்கைச் சுருட்டி வைத்துவிட்டு மதராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். அதன் மையம் இன்றும் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறது. அதன் போர் முழக்கம் எந்த மொழி தெரியுமா? "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு." தமிழனும் மலையாளியும் ஒரே தொண்டையில் கத்துகிற முழக்கம்.

ராபர்ட்ஸ் செத்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. அவருடைய அளவுகோல் மட்டும் ஒரு குறும்பட உதவி இயக்குநரின் பையில் பத்திரமாக இருக்கிறது.

தமிழ்நாடு–கேரள எல்லை பற்றியும் சொல்ல வேண்டும். போர் நடந்த காலத்தில் இன்றைய கேரளம் கிடையாது. பாலக்காடு மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் கொச்சி ராஜாவுடையது. எங்கள் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைக் கோடு போட்டபோது எங்களை யாரும் கேட்கவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே, 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கியபின், ஆள் பிடிக்கும் கங்காணிகள் திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து எங்கள் பாட்டன்களைக் கூட்டி வந்து காடு வெட்ட வைத்தார்கள். அதே கங்காணி முறை, அதே பஞ்சம், அதே சாதி. சிலரை மூணாறுக்கு, சிலரை வால்பாறைக்கு, சிலரைக் கப்பலேற்றி இலங்கைக்கும் மலாயாவுக்கும் அனுப்பினார்கள். எந்தத் திசைக்குப் போனது என்பதில்தான் எங்களுக்குள் வித்தியாசம்.

அதனால்தான் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். 1957இல் டேவிட் லீன் எடுத்தது. சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர். அந்தப் படத்தைப் பார்க்காதவனுக்கும் அதன் சீட்டி தெரியும்: ஜப்பானியரிடம் சிறைப்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் கிழிந்த உடுப்போடு அணிவகுத்து வரும்போது அடிக்கும் சீட்டி. அது ஒரு பட்டாள பேண்ட் மெட்டு. 'கர்னல் போகி' என்று பெயர். ரிக்கெட்ஸ் என்ற பிரிட்டிஷ் பேண்ட் மாஸ்டர் 1914இல் எழுதினார். எங்கள் செட்டும் அதை வாசிக்கும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அதை வாசித்தால் பிள்ளைகளின் கால் தானாக எழும்பும்.

அந்தப் படம் காட்டுவது சயாம்–பர்மா ரயில் பாதை. 1942–43இல் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பான் ராணுவம் காட்டுக்குள் போட்டது. போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியக் கூலிகள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், தமிழர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக் கணக்கில் அள்ளிக்கொண்டு போன கூட்டத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. செத்த ஆசியக் கூலிகள் மட்டும் தொண்ணூறாயிரம் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். காலரா வந்தவனை உயிர் போகுமுன்பே குழியில் தள்ளியதாகத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார்.

படத்தில் அந்தத் தமிழர்கள் எங்கே? இல்லை. மானமுள்ள கர்னல் உண்டு, முரட்டு ஜப்பானியன் உண்டு, துணிச்சலான அமெரிக்கன் உண்டு. பாதையைப் போட்ட பெருங்கூட்டம் திரையில் இல்லவே இல்லை. இதில் இன்னொரு கூத்து: அந்தப் படத்தின் பாலத்தைக் கட்டியது தாய்லாந்தில் இல்லை, இலங்கையில், கித்துல்கலவில், களனி ஆற்றின்மேல். அதே இலங்கைதான் 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. மரண ரயிலில் செத்த தோட்டத் தமிழனைக் கதையிலிருந்து நீக்கிவிட்டு, குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தமிழன் வாழ்ந்த நாட்டில் கேமராவை நிறுத்தியிருக்கிறார்கள்!

காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் போனவர்கள் சொல்வார்கள், புல்வெளி பச்சைப் பசேலென்று இருக்கும், ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கல்லறைகள் வரிசையாக இருக்கும் என்று. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். கூலித் தமிழனுக்கு அங்கே கல் இல்லை. 2023இல்தான் அந்த ஊர்ப் புத்த விகாரை ஒன்றில் தமிழர்கள் சேர்ந்து ஒரு நடுகல் எழுப்பினார்கள். எண்பது வருஷம் ஆகியிருக்கிறது ஒரு கல் நடுவதற்கு. முதல் உலகப்போரிலும் இதே கதைதான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. வெள்ளையனுக்கு ஆளுக்கு ஒரு கல், கறுப்பனுக்கு மொத்தமாக ஒரு வரி. "எஸ்டேட் மக்களுக்கு நன்றி" எங்கிருந்து வந்த பழக்கம் என்று இப்போது தெரிகிறதா?

பாலக்காட்டுக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை வேண்டுமா? கேப்டன் லட்சுமி. அவருடைய அம்மா அம்மு சுவாமிநாதன் ஆனக்கரையைச் சேர்ந்தவர், பாலக்காடு மாவட்டம். நேதாஜியின் படையில் ஜான்சி ராணி ரெஜிமென்டுக்கு லட்சுமி தலைவி. 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. கேரளம் அவரைக் கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்த ரெஜிமென்டில் துப்பாக்கி பிடித்து நின்றவர்களில் பெரும்பாலோர் யார்? மலாயாத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். படிப்பில்லாதவர்கள், காலில் செருப்பில்லாதவர்கள். பின்வாங்கும்போது பர்மாவில் நடந்த தாக்குதலில் ஜோசபின், ஸ்டெல்லா என்ற இரண்டு பெண்கள் செத்தார்கள். எங்கள் எஸ்டேட் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை நின்று கூப்பிட்டால் இன்றும் அந்தப் பெயருக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெண்கள் அணிவகுத்தபோது ஒலித்த மெட்டுகளை அமைத்தவர் ராம்சிங் தாக்கூரி, ஒரு கூர்க்கா பேண்ட்காரர். வாத்தியக்காரனுக்கும் வரலாற்றில் பெயர் கிடைக்கும் என்பதற்கு அவர் ஒருவராவது இருக்கிறார்.

இதையெல்லாம் சொன்னால் படக்காரர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "பன்முகம் காட்டவேண்டும் என்பதற்காகச் சரித்திரத்தை வளைக்க முடியுமா?" யார் வளைக்கச் சொன்னது? நேராக்கத்தானே சொல்கிறோம். 2017இல் 'டன்கர்க்' வந்தது. டன்கர்க் போர்முனையில் உண்மையில் கோவேறு கழுதைகளோடு நின்ற இந்தியச் சிப்பாய்களைப் படத்தில் காணோம். 2020இல் '1917' படத்தில் ஒரே ஒரு சீக்கியரைக் காட்டியதற்கு லண்டன் நடிகர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் ஆள் போயிருக்கிறது. ஒரு தலைப்பாகை அவர் கண்ணை உறுத்திவிட்டது.

பட்டாள பேண்ட் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நியூயார்க் ஹார்லெம் கறுப்பர்களின் 369ஆம் படைப்பிரிவு. ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்பவர் பேண்ட் மாஸ்டர். கிளாரினெட் வாசிக்க ஆள் தேடி பியூர்ட்டோ ரிக்கோ தீவுக்கே போனார். கறுப்பரும் தீவுக்காரரும் கலந்த பேண்ட் அது. அமெரிக்க ராணுவம் தன் வெள்ளைச் சிப்பாய்களோடு அவர்களை நிற்கவைக்க மனமில்லாமல் பிரெஞ்சுப் படைக்குத் தள்ளிவிட்டது. போர்முனையில் 191 நாள் நின்றார்கள். பிரெஞ்சுக்காரனுக்கு ஜாஸ் இசையை அறிமுகப்படுத்தியதே அந்தக் கறுப்பு பேண்ட்தான் என்கிறார்கள். 1919 பிப்ரவரி 17இல் ஊர் திரும்பி நியூயார்க் பெருந்தெருவில் வாசித்துக்கொண்டு நடந்தார்கள். அவர்களுடைய இசைத்தட்டு இருக்கிறது, போட்டோ இருக்கிறது, பெயர் இருக்கிறது. எங்களிடம் ஒலிப்பதிவு மட்டும் இருக்கிறது, அதுவும் அடுத்தவன் உதட்டசைவுக்கு.

இந்த மலையில் எங்கள் தொண்டை என்றைக்கும் தேவைப்பட்டிருக்கிறது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். எல்லைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன், ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். கேரளத்தின் முதல் அரசாங்கத்துக்கு இருந்த சிறிய பெரும்பான்மையில் அந்த ஒரு இடத்துக்கு என்ன மதிப்பு என்று அரசியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. கொடைக்கானல் குகையில் கதை நெஞ்சைப் பிடிக்கும் இடத்தில் ஒலிப்பது அதே இளையராஜாவின் 'குணா' பாட்டு. நானும் தியேட்டரில் சீட்டி அடித்தேன். அடித்துவிட்டு வெளியே வந்து யோசித்தேன்: பாட்டு எங்கள் பக்கத்தது, மனதில் நிற்கிற முரட்டுப் போலீசும் எங்கள் பக்கத்தது, அன்பும் நட்பும் மட்டும் உங்கள் பக்கத்ததா?

அட்டப்பாடி நஞ்சியம்மாவையே எடுங்கள். இருளர் கிழவி, 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியில் பாடினார், 2022இல் தேசிய விருது அறிவித்தார்கள். உடனே சங்கீதம் படித்த ஒருவர் வந்து, சுருதி தெரியாதவருக்கா விருது என்றார். நல்லவேளை, பல மலையாளப் பாடகர்களே நஞ்சியம்மாவின் பக்கம் நின்றார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமற்றவன்.

தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு மூணாறு என்றால் டூயட். தேயிலைச் செடிக்கு நடுவே கதாநாயகி ஓடுவாள். அந்தச் செடியைக் கவாத்து வெட்டுகிறவனை ஓரமாகப் போகச் சொல்வீர்கள். 'பரதேசி' (2013) தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தது, பி. எச். டேனியலின் நாவலை வைத்துக்கொண்டு. அதிலும் டாக்டர் பாத்திரத்தை ஆட்டம் பாட்டம் போடும் மதமாற்றக்காரராக்கிக் கெடுத்தார்கள் என்பது என் கோபம். எங்கள் உரிமைக்கு அறிக்கை விடும் கட்சிகள் தேர்தல் முடிந்ததும் போடிமெட்டு ஏறி வருவதில்லை.

எங்களுக்குள்ளேயே இருக்கும் அழுக்கையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2017இல் பாலக்காடு முதலமடை பக்கம் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர்களுக்குத் தனிக் குழாய், தனிக் குவளை என்று செய்தி வந்து ஊரே நாறியது. ஒதுக்கியதாகச் சொல்லப்பட்டவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். உறுமியும் தப்பும் அடித்த கை என்றால் தமிழனுக்கே குமட்டுகிறது, மலையாளியைச் சொல்லி என்ன? என் மாமனார் ஊரில் கோவிலுக்கு வெளியே நின்று வாசித்துவிட்டு, காப்பியை வேறு டம்ளரில் குடித்து வந்த செட் எங்களுடையது. அந்த ஊர்க்காரன் ஒருவன் இந்தக் குறும்படம் பார்த்துவிட்டு, "நம்ம தமிழங்கள இப்படிக் காட்டிட்டாங்களே" என்று என்னிடம் வருத்தப்பட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் தோன்றியது.

"ஒரு குறும்படத்துக்கு இவ்வளவு கூப்பாடா?" என்று கேட்பீர்கள். படத்தில் மூட்டை தூக்குகிறவனாக மட்டும் ஒருவனைப் பார்த்துப் பழகினால், படத்துக்கு வெளியேயும் அவன் அப்படித்தான் தெரிவான். 2015 செப்டம்பரில் எங்கள் பெண்கள் போனஸ் கேட்டு மூணாறில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். யூனியன் தலைவர்களைத் துரத்திவிட்டு, தாங்களே பேசி, கேட்ட 20 சதவீதத்தை வாங்கினார்கள். தினக்கூலி அப்போது 232 ரூபாய். அடுத்த சுற்றுப் போராட்டத்துக்குப் பிறகு 301 ஆயிற்று. அந்தப் பெண்களுக்குப் பின்னால் தமிழ்த் தீவிரவாதிகள் இருக்கிறார்கள் என்றுகூடப் பேச்சைக் கிளப்பினார்கள். கொழுந்து பறிக்கிறவளுக்குச் சொந்தமாக மூளை இருக்கும் என்று நம்ப முடியவில்லை. எந்தப் படத்திலும் பார்த்ததில்லையே!

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். மறுநாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. அங்கே செத்தவர்களுக்குப் பத்து லட்சம், எங்களவர்களுக்கு ஐந்து லட்சம் என்று அறிவிப்பு வந்தது. நாலு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

சட்டசபைக்கு வந்தாலும் இதே கேள்விதான்: நீ இந்த ஊரா? 2021இல் தேவிகுளத்தில் ஜெயித்த ஆ. ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தார். 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. பட்டியல் சாதித் தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதியில்லை என்று. 2025 மேயில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, அவர் எம்எல்ஏதான் என்றது. எம்எல்ஏவுக்கே இந்தப் பாடு. சாதிச் சான்றிதழுக்கு, பாட்டன் 1950க்கு முன்னால் மலை ஏறியதற்குக் காகிதம் காட்டு என்று கேட்டால், கங்காணியின் செக்ரோல் என்ற வருகைப் பேரேடு தவிர எங்கள் வீட்டில் வேறென்ன இருக்கும்? கேரளத்தில் சாதிச் சான்றிதழ் இழுபறி. தமிழ்நாட்டில் நீ இங்கே குடியிருக்கவில்லை என்பார்கள். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் எங்களைத் தமிழில் மனுக் கொடுக்க அனுமதிக்கிறது. கொடுக்கிறோம். பதில் மலையாளத்தில் வருகிறது.

ஆகவே, எங்களுக்குப் பரிதாபம் காட்டும் படம் வேண்டாம். இருட்டு லயம், ஒழுகும் கூரை, கிழவி முகத்தில் சுருக்கம், பின்னால் சோகப் புல்லாங்குழல் — அதற்கும் எங்களையே வரிசையில் நிற்கவைத்து விருது வாங்கிப் போவார்கள். வேலை கொடுங்கள். டிரம் வாசிக்கிற பாத்திரமா, வாசிக்கத் தெரிந்தவனுக்குக் கொடுங்கள். அவன் கறுப்பாக இருந்தால் லைட்மேன் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யட்டும். தமிழ்ச் சிப்பாயா, தமிழ் பேசட்டும். கீழே எழுத்துப் போடுங்கள். ஹாலிவுட் படத்துக்கு எழுத்துப் படித்துப் பழகின கண்தானே? ஒலிப்பதிவு செய்தீர்களா, வாசித்தவன் பெயரையும் ஊரையும் போடுங்கள், படம் எத்தனை தடவை விற்கிறதோ அத்தனை தடவை அவனுக்கும் பங்கு கொடுங்கள்.

கதையும் நிறைய இருக்கிறது, நீங்கள் பஞ்சப்பட வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன பெண்ணின் கதை. மண்வெட்டியோடு சயாமுக்குப் போய்த் திரும்பாதவனின் கதை. கம்பெனியின் டிரம்காரன் கதை. மதராஸ் ரெஜிமென்டில் சேர நின்று, நெஞ்சளவு போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவனின் கதையைக்கூட எடுக்கலாம். எங்கள் லயத்தில் அப்படி ஆட்கள் ஏராளம்.

எடுக்க வரும்போது லொக்கேஷன் பார்க்க மட்டும் ஜீப்பில் வராதீர்கள். நடிகர் தேர்வு அறிவிப்பைத் தமிழில் எழுதி ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஷெட் சுவரில் ஒட்டுங்கள். தேர்வை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாளில் வேலைக்குப் போகாவிட்டால் எங்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள்.